சம்பா என்று நாம் அழைத்த செடி

மாப்ள,

நேற்று காரைக்கால் மாங்கனித் திருவிழாவில், மாங்கனி இறைப்பின்போது ஒரு மாங்காய் என் தோளில் பட்டு விழுந்தது. பழம் என்று சொல்ல முடியாது, பாதிக் காய். யாரோ வேண்டுதலுக்காக மாடியிலிருந்து கூடையோடு கவிழ்த்ததில் காம்புகூட உதிராமல் வந்திருந்தது. நெரவியில் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்துக் காம்பை ஒடித்தேன். பால் பொங்கி விரலில் வழிந்தது. மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், நீ வந்துவிட்டாய்.

“என்ன, மாங்காய மோந்து பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?” என்றாள் என் மனைவி.

“அவன் வந்திருக்கான்” என்றேன்.

அவள் அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள். பிறகு, “அண்ணனுக்குச் சேதி சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். உன்னைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு இன்னும் இறந்தகாலம் வாயில் வருவதில்லை.

சேதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். உன் மகள் பர்ஹானாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நீ ஒளிக்காமல் சொன்னாய். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் பதில் சொல்வதற்குள் நீ போய்விட்டாய். பதில் வந்துவிட்டது, மாப்ள. ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டேன். பூ எப்படி மணக்கிறது என்று நான் கேட்கும்போதெல்லாம் ‘இரு, இரு’ என்று கண்ணை மூடிக்கொண்டு என்னை எத்தனை நேரம் காக்க வைத்திருக்கிறாய். இன்று நீ கொஞ்சம் காத்திரு.

வேளாண் கல்லூரியில் நீ வந்து சேர்ந்த அழகை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. நாற்றங்காலில் இறங்கச் சொன்னால் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பாய். நெரவியில் வயலும் வரப்புமாக வளர்ந்த எனக்கு உன்னைப் பார்த்தால் கேலிதான். விதைக் கிடங்கு பாடம் வரும்வரை அந்தக் கேலி நிலைத்தது. அன்று மூட்டைகளைத் திறக்காமலே, ‘இது போன வருஷத்து நெல்லு, இது இந்த வருஷம், இதுல ஈரம் ஏறியிருக்கு’ என்று மூக்கை வைத்துக்கொண்டே சொல்லி முடித்தாய். பேராசிரியர் பிரித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. அதற்குப் பிறகு உன் கைலியைப் பற்றி நான் பேசியதில்லை.

படிப்பு முடிந்ததும் உன் தெருவின் வழக்கப்படி நீ வளைகுடாவுக்குப் போனாய். ஆனால் கடைக்கணக்கு எழுத இல்லை, பாலைவனத்தில் கண்ணாடிக் கூரைக்கடியில் வெள்ளரி வளர்க்க. அங்கிருந்து கனடாவில் ஒரு தக்காளிப் பசுமைக்குடிலுக்கு. ‘மச்சான், இங்க வெளியில பனி, உள்ள நம்ம ஊரு வைகாசி. கெளம்பி வா’ என்று நீ ஃபோனில் சொன்ன தைரியத்தில் நானும் பெட்டியைக் கட்டினேன். நீ ஊருக்கு அனுப்பிய தக்காளிக் கொத்துப் படங்கள் உன் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. விடுமுறைக்கு வந்தால் பள்ளிவாசல் வாசலில் பெரியவர்களே ‘என்னப்பா தக்காளி, எப்ப வந்தே?’ என்று கேட்பார்கள். ‘தக்காளி பாய்’ என்ற பெயர் உனக்கு அப்படி ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அந்த நாட்டில் சட்டம் மாறியது. நம் முதலாளி தக்காளியைப் பிடுங்கிவிட்டு, அரசு உரிமம் வாங்கி, மருந்துக்கான கஞ்சா வளர்க்க முடிவு செய்தார். அதே கூரை, அதே தொட்டி, அதே நாம். செடி மட்டும் வேறு. எங்கள் அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘பூச்சி வருமா? தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா விடுறீங்க?’ என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கவலை. உன் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. மார்க்கம் இருக்கிறது, தெரு இருக்கிறது, வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள். நீ புதிதாகப் பொய் எதுவும் சொல்லவில்லை. தக்காளி என்று ஊர் சொன்னதை மறுக்கவில்லை. அந்த வாய் மூடல் உன்னை எவ்வளவு அரித்தது என்று பக்கத்துக் கட்டிலில் படுத்த எனக்குத் தெரியும்.

வேலையில் மட்டும் நீ வாய் மூடியதே இல்லை. நமக்கு இரண்டு வகை விதை வந்தது. ஒன்று மலைநாட்டு வகை. குட்டை, அகன்ற இலை, சீக்கிரம் பூக்கும், பூ கட்டியாக இருக்கும். மற்றது வெப்பநாட்டு வகை, சாட்டிவா என்று சொல்வது. நெடுநெடுவென்று வளரும். இலை விரல் விரலாகப் பிரிந்து மெலிந்திருக்கும், பூக்க நாளாகும். எனக்கு அதைப் பார்த்ததும் நம் நெல் வயல்தான் தெரிந்தது. ‘அது குறுவை, இது சம்பா’ என்றேன். பொழுது குறுகினால்தான் சம்பா கதிர் விடும். இந்தச் செடியும் இரவு நீண்டால்தான் பூ வைக்கும். சாயங்காலம் கூரைக்குக் கறுப்புத் துணி இழுத்து நாம் அதற்குக் கார்த்திகை மாதத்தைக் காட்டினோம். குறுவை, சம்பா என்ற பெயர்கள் அங்கே வேலை பார்த்த எல்லா நாட்டுக்காரர் வாயிலும் ஏறிவிட்டன.

இரண்டையும் கலந்தோம். முதல் தலைமுறை அத்தனையும் ஒரே அச்சாக வந்தது. அவற்றைத் தங்களுக்குள் கலந்தபோதுதான் கூத்து. அடுத்த தலைமுறையில் ஒன்றைப் போல ஒன்று இல்லை. குட்டை, நெட்டை, அகன்றது, மெலிந்தது, மண்ணெண்ணெய் நாற்றம், பழ வாசம், ஒன்றுமே இல்லாதது. பாட்டன் குணம் பேரனுக்கு வருவதும், யாருடையது என்றே தெரியாத குணம் ஒன்று முளைப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதானே. அதில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதுதான் நம் பிழைப்பு.

பெண் செடியின் பூவை மோந்து பார்க்கலாம். ஆண் செடியில் மோக்க என்ன இருக்கிறது? நீ இளந்தண்டை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்து, விரலை மூக்கின் கீழே பிடிப்பாய். அந்தத் தண்டு வாசத்தை வைத்து, பிறக்கப்போகும் மகள்களின் வாசத்தைச் சொல்வாய். உலகம் முழுக்க இந்த வேலைக்காரர்கள் செய்வதுதான் அது. ஆனால் நீ ரமலானில் செய்ததைப் போல யாரும் செய்து நான் பார்க்கவில்லை. மதியம் தாண்டியதும், வயிறு காய்ந்து, நாக்கில் எந்த ருசியும் இல்லாத அந்த நேரத்தில் உன் மூக்கு கத்தியாகிவிடும். ‘அஸர் தொழுகைக்கு அப்புறம் வரிசைய எனக்கு விட்டுடு மச்சான். இப்பதான் எல்லாம் தனித்தனியா பேசுது’ என்பாய். மோந்தால் நோன்பு முறியாது என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொண்டவன் நீ. முக்கியமான பொறுக்குதலையெல்லாம் நோன்பு மாதத்துப் பிற்பகலுக்குத் தள்ளி வைக்க நிர்வாகமே பழகிக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் சொதப்பினாய், நினைவிருக்கிறதா? ஜும்மா முடித்து நேராகச் செடிக்கு வந்தாய். ஒவ்வொரு செடியாக மோந்து, ‘சந்தனம்’, ‘இதுலயும் சந்தனம்’, ‘அடேயப்பா, இந்தக் குடும்பமே சந்தனம்’ என்று குதித்தாய். நான் ஓடிவந்து மோந்தேன். எந்தச் செடியிலும் சந்தனம் இல்லை. உன் மணிக்கட்டில் இருந்தது, தொழுகைக்குப் பூசிய அத்தர். ஒரு பிற்பகல் முழுக்க உன் கையையே நீ மோந்து மதிப்பெண் போட்டிருக்கிறாய்! அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு வேலைநாளில் அத்தர் பூசுவதையே விட்டாய். வெள்ளிக்கிழமை அத்தர் இல்லாமல் பள்ளிக்குப் போவது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்த இரண்டாம் தலைமுறையில் ஒரு பெண் செடி எல்லாவற்றையும் தாண்டி விளக்கைத் தொட்டது. பசுமைக்குடில் தலைவர் பார்த்ததும் முகம் சுளித்தார். பூக்க நாளாகிறது, இடத்தை அடைக்கிறது, பூ பஞ்சு மாதிரி இருக்கிறது, கழித்துவிடுங்கள் என்றார். நீ குனிந்து, ஒரே ஒரு பூவை விரலால் நெருடி, கண்ணை மூடினாய். ‘இரு, இரு’ என்றாய். நான் காத்திருந்தேன், அவரும் வேறு வழியில்லாமல் காத்திருந்தார்.

“மாங்கா” என்றாய். “பழம் இல்ல. காம்ப ஒடிச்சா வர்ற பாலு. அதுக்குப் பின்னாடி நாரத்த எல. அதுக்கும் பின்னாடி, தூரத்துல, படகுக்கு அடிக்கிற பெயிண்ட்ல ஊத்துறாங்கள்ல, டர்ப்பண்டைன், அது.”

தலைவருக்கு மாங்காய்ப் பாலைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் நீ அந்தச் செடிக்கு முன்னால் நின்ற நிற்பு அவருக்குப் புரிந்தது. ஒரு சுற்று மட்டும் என்று விட்டுக்கொடுத்தார். ஆய்வுக்கூட அறிக்கை வந்தபோது டெர்பினோலீன் என்ற வாசப்பொருள் மற்ற எல்லாவற்றையும் விட மேலே நின்றது. அடுத்து கொஞ்சம் லிமோனீன், கொஞ்சம் பைனீன். ஆய்வுக்கூடப் பெண்ணிடம் நான் கேட்டேன். மாங்காய்ப் பாலிலும் அந்த டெர்பினோலீன் உண்டு என்றாள். லிமோனீன் எலுமிச்சை ஜாதியின் வாசம், பைனீன் டர்ப்பண்டைனின் வாசம். உனக்குச் சொன்னால், ‘இதுக்கு எதுக்கு மெஷினு?’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய். அன்று எனக்கு வந்த பெருமையை உன்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு வாரம் உன்னோடு இருக்க முடியாது.

பிறகு அதை அதன் உறவிலேயே மறுபடி கலந்து, குட்டைச் செடியின் கட்டியான பூவை மட்டும் கொஞ்சம் இழுத்து வந்து, வாசம் சிதறாமல் நிலைநிறுத்த வருடங்கள் ஆயின. சாட்டிவா பக்கம் சாய்ந்த ஒரு புது இனம். நமக்கு அது கடைசிவரை சம்பாதான்.

அது மனிதருக்கு என்ன செய்கிறது என்று உனக்கும் எனக்கும் நேரடியாகத் தெரியாது. நீ உன் மார்க்கத்துக்காகத் தொடவில்லை. நான் தொட்டால் உன்னோடு சாப்பிட உட்கார முடியாதே என்று தொடவில்லை. மருத்துவர்கள் வழியாக நோயாளிகள் சொன்னதுதான் நம் அறிவு. பகலில் எடுத்தாலும் தூக்கம் தள்ளவில்லை, வலி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று ரொட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். மனம் தெளிவாக இருக்கிறது, பேசத் தோன்றுகிறது என்றார்கள் சிலர். நெஞ்சு படபடத்தது, பயமாக இருந்தது, வேண்டாம் என்றார்கள் வேறு சிலர். நல்லதை மட்டும் விளம்பரத்துக்கு எடுத்த பையனிடம், படபடப்பையும் சேர்த்து எழுது என்று நீ போய்ச் சண்டை போட்டாய். ‘மெலிஞ்ச எலன்னா முழிப்பு, அகண்ட எலன்னா தூக்கம்’ என்று புதிதாக வந்தவர்கள் அடித்துவிடும்போதெல்லாம் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இலையைப் பார்த்துக் குணம் சொல்வது, காதைப் பார்த்து ஜாதகம் சொல்வது மாதிரி என்பாய். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு எடுக்கிறார்கள், எடுப்பவர் உடம்பு எப்படி, இதுதான் கணக்கு.

சம்பாவை முறைப்படி பதிவு செய்ய நிர்வாகம் முடிவெடுத்தபோது, உருவாக்கியவர்கள் என்று உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் போடப் போவதாகச் சொன்னார்கள். பதிவு என்றால் உலகமே பார்க்கலாம். இணையத்தில் உன் பெயரைத் தட்டினால் கஞ்சா வரும். அதே மாதத்தில்தான் ஊரிலிருந்து உன் தம்பி கூப்பிட்டு, பர்ஹானாவுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது என்றான். பையனின் வாப்பா கருக்களாச்சேரி, கோட்டுச்சேரிமேடு மீனவர்களின் படகுகளுக்கெல்லாம் கயிறும் பெயிண்டும் விற்கும் கடைக்காரர். சொல் சுத்தமான மனிதர் என்று பெயர். பர்ஹானாவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. உன் முகத்தில் சந்தோஷமும் கலவரமும் ஒன்றாக வந்ததை நான் பார்த்தேன்.

வேண்டுமானால் கம்பெனி பெயரிலேயே பதிவு செய்து கொள்ளலாம், பெயர் வராது என்று நிர்வாகம் இரக்கப்பட்டுச் சொன்னது. நானும் அப்படியே செய் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ‘மொதல்ல ஊருக்குப் போறோம்’ என்றாய்.

உன் வீட்டுக் கூடத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்த அந்தப் பிற்பகல் எனக்கு வரி விடாமல் மனப்பாடம். இறால் வாடாவும் தேநீரும் நடுவில். உங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். அதை வைத்துத்தான் கடைக்காரர் பேச்சைத் தொடங்கினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு எங்க புள்ள ஒங்க வீட்டுச் சோத்தத்தான் திங்கப் போறான். அது எந்தச் சம்பாத்தியம்னு கேக்க வேண்டியது என் கடமை. தக்காளித் தோட்டம்னு ஊர்ல சொல்றாங்க. அங்க ஒங்களுக்கு என்ன வேலைங்க?”

நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆமாங்க, அதுல மேற்பார்வை’ என்று ஒரு வார்த்தை போதும். கூடத்தில் இருந்த யாரும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார்கள்.

“தக்காளி முன்னாடிங்க. இப்ப இல்ல” என்றாய். “இப்ப நான் கஞ்சாச் செடி வளக்குறேன்.”

வாடாவை எடுத்த கைகள் அப்படியே நின்றன. ‘நானா!’ என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு உன் தம்பி எழுந்தே விட்டான். நீ அவனை உட்காரச் சொன்னாய். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாய். விடாமல் பேசினாய். மருந்துக்காக, அரசு உரிமத்தோடு, பூட்டிய கூரைக்குள்ளே என்று ஒவ்வொன்றாக.

“நம்ம பசங்க அந்தப் பொட்டலத்தால எப்படிச் சீரழியுறாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?” என்றார் அவர்.

“தெரியும். அதனாலதான் இத்தன நாளு வாயத் தொறக்கல. அந்தப் பொட்டலத்துல என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கும் தெரியாது, குடிக்கிறவனுக்கும் தெரியாது. எங்கது எது எவ்வளவுன்னு அளந்துதான் வெளிய போவும். டாக்டர் சீட்டு இல்லாம போவாது. அதுக்காக அது மயக்கம் இல்லாத பொருள்னு சொல்ல மாட்டேன். ஒத்துக்காதவங்களுக்கு நெஞ்சு அடிச்சுக்கும், பயம் வரும்.”

“நீங்க அத…”

“நாக்குல பட்டதில்ல. மூக்கோட சரி.”

“மார்க்கத்துல என்ன சொல்றாங்க?”

“ரெண்டு ஆலிம்சாகிட்ட கேட்டேங்க. ஆளுக்கு ஒரு பதில் சொன்னாங்க. நோயாளிக்கு மருந்துங்கிற எடத்துல நான் நிக்கிறேன். அது தப்பா இருந்தா அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா ஒங்ககிட்ட மறைச்சு எம் பொண்ண நான் குடுக்க மாட்டேன்.”

கடைக்காரர் தேநீரைக் குடித்து முடித்தார். பாதியில் வைத்துவிட்டுப் போகவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்தார். நாலு பேர் செருப்பு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

உன் வீட்டம்மாவிடம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தாயாம். அவர் உள்ளே அழுதுகொண்டிருந்தார், உன்னைக் குறை சொல்லவில்லை. பர்ஹானா கதவோரம் வந்து நின்றாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“வாப்பா, அந்தச் செடிக்கு என்ன பேரு?”

“சம்பா” என்றாய்.

அவள் என்னைப் பார்த்தாள். “மாமா வச்ச பேராத்தான் இருக்கும்” என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க நிற்கச் சிரித்தாள்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாய். பதிவுக்கான தாள் அதில் வந்திருந்தது. உன் பெயர், உன் வாப்பா பெயர், ஊர் காரைக்கால், முழுசாகத் தட்டினாய். விரலால் கையெழுத்துப் போட்டாய்.

“அவங்க பதில் வரட்டுமேடா” என்றேன்.

“பதில் வந்தப்புறம் போட்டா அது வியாபாரம், மச்சான்” என்று அனுப்பிவிட்டாய்.

உன்னை எனக்கு எத்தனை வருடமாகத் தெரியும். ஆனால் நீ எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்தது அந்தச் சாயங்காலம்தான். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் வேலைக்குத் திரும்பினேன். நீ பதிலுக்காக ஊரில் தங்கினாய். தினமும் கூப்பிட்டு, ‘ஒண்ணும் வரல மச்சான்’ என்பாய். பிறகு உன் தம்பி கூப்பிட்டான். விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எனக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். உங்கள் முறை அது, நான் வருத்தப்படவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். வருத்தம்தான், மாப்ள. பசுமைக்குடிலில் சம்பா வரிசைக்கு நடுவில் நின்று, அடக்க முடியாமல், நன்றாகவே சத்தமாக அழுதேன். தலைவர் வந்து தோளில் கை வைத்துவிட்டு, அன்று கறுப்புத் துணியை அவரே இழுத்தார்.

கடைக்காரர் வீட்டிலிருந்து ஒருவரும் பேசவில்லை. அடக்கத்துக்கு வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்பதை நாசூக்காக ஒதுங்கிக் காட்டுகிறார்கள் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். பர்ஹானா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்வந்து கொண்டிருந்தாள். உன் வீட்டம்மாதான் தனியாக இருக்கும்போது, ‘அவங்க தக்காளின்னே சொல்லியிருக்கலாமோ’ என்று என் மனைவியிடம் ஒருமுறை சொல்லி, சொன்ன வாயாலேயே ‘இல்ல, இல்ல’ என்றாராம்.

இத்தா முடிந்த மறுநாள் கடைக்காரர் வந்தார். உன் வீட்டம்மா இருந்த அந்தத் துக்க காலத்தில் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். நாங்கள்தான் அதை வேறாக எடுத்துக்கொண்டோம். உன் தம்பி ஃபோனை நடுவில் வைத்து என்னையும் கேட்க வைத்தான்.

“அவரு மவுத்தாவுறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே நாங்க முடிவு பண்ணிட்டோம்” என்றார் அவர். “வெள்ளிக்கிழமை நேருல வந்து சொல்லலாம்னு இருந்தேன். அல்லாஹ் அந்த வெள்ளிக்கிழமைய அவருக்குக் குடுக்கல.”

அதோடு நிறுத்தவில்லை. காரணத்தையும் அவரே சொன்னார்.

“நான் கயிறு விக்கிறவன். எந்தக் கயிறு எத்தன நாளு தாங்கும், எது சீக்கிரம் அறும்னு வாங்குறவன்கிட்ட சொல்லித்தான் குடுப்பேன். கடலுக்குப் போறவன் உசுரு அதுல இருக்கு. அவரு அன்னைக்கு அவர் பொருளோட குத்தத்தையும் சேத்துச் சொன்னாரு பாருங்க, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? செடி சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல. மனுஷன் சரி.”

இதுதான் பதில், மாப்ள. சரி என்று சொல்லிவிட்டார்கள். நீ கேட்காமல் போன பதில் இது. ‘ஒண்ணும் வரல’ என்று நீ சொன்ன அந்தக் கடைசி இரண்டு நாளும் அவர்கள் உன் பக்கம்தான் இருந்திருக்கிறார்கள்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே உன் வேலையைப் போட வேண்டும், தக்காளி என்று போடக் கூடாது. “நாளைக்கு எவனும் எங்கிட்ட வந்து, தெரிஞ்சுதான் எடுத்தீங்களான்னு கிசுகிசுக்கக் கூடாது. அவரே மறைக்கல. நாம ஏன் மறைக்கணும்?”

கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து, போன வாரம் பர்ஹானாவோடு அச்சகத்துக்குப் போனேன். காலமானவர் என்பதற்கு மர்ஹூம் என்று போட்டு, உன் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே என்ன போடுவது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாடு பட்டோம். ‘வேளாண் ஆய்வாளர்’ என்றேன். பொதுவாக இருக்கிறது என்றாள். ‘மருத்துவத் தாவர வல்லுநர்’ என்றேன். எந்தத் தாவரம் என்று கேட்க மாட்டார்களா என்றாள். பிறகு அவளே பேனாவை வாங்கி எழுதினாள். அச்சகக்காரர் அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, சரிபார்க்க உரக்கப் படித்தார். ‘மருந்துக் கஞ்சா இனமான சம்பாவை உருவாக்கியவர்.’ படித்துவிட்டுத் தயங்கி எங்களைப் பார்த்தார். வேறு பத்திரிகைக்காகக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

“சரியா இருக்கு. அப்படியே போடுங்க” என்றாள் உன் மகள். “எங்க வாப்பா வாயால சொன்னதுதான்.”

பத்திரிகைகள் இப்போது என் மேசை மேல் அடுக்கடுக்காக இருக்கின்றன. நிக்காஹில் பெண்ணின் பொறுப்பாளனாக, வலியாக, உன் தம்பி உட்காருவான். அது அவன் உரிமை. வீடு வீடாகப் போய் அழைப்பது என் வேலை என்று நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். நாளைக் காலையில் உன் தெருவில் ஆரம்பிக்கிறேன். பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு உடனே கிளம்ப மாட்டேன். அந்த வரியைப் படித்து முடிக்கும்வரை நிற்பேன். யாராவது கேள்வி கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்வேன்.